குளிரில் ஏறும் முள்

டிசம்பர் 7, ஞாயிறு

மகள் ஆரணிக்குக் கல்யாண நாள் வைத்தாயிற்று. ஜனவரி 25, இரண்டரை மணித்தியாலம் கார் ஓடிப் போகிற கிங்ஸ்ரனில். மாப்பிள்ளை வீட்டார் அங்கேதான் இருக்கிறார்கள். நாங்கள் இருக்கிற ஸ்காபரோவில் தை மாதத்துக்கு ஒரு மண்டபமும் மிச்சமில்லை. கனடாவில் வேறெந்தச் சனமும் பனி கொட்டுகிற மாதத்தைத் தேடிப் பிடித்துக் கல்யாணம் வைக்காது. நமக்கு மார்கழி கூடாது, தை நல்லது. பஞ்சாங்கம் கணித்தவர் கிங்ஸ்ரனைக் கண்டதில்லை.

மாப்பிள்ளை சேயோன் மத்தியானம் சாப்பிட வந்தான். கார் உதிரிப்பாகம் செய்யும் கொம்பனி ஒன்றில் என்ஜினியர். நல்ல பிள்ளைதான். ஆனால் கேட்காமலே சொல்லித்தருகிற வியாதி உண்டு. அவனையும் ஆரணியையும் ஏற்றிக்கொண்டு சேலைக்கடைக்குப் போகும்போது காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

“மாமா, காஸ் முடியுது.”

“முடியேல்லை தம்பி. முடியப்போகுது எண்டு சொல்லுது. ரெண்டும் வேறை.”

“குளிர் காலத்திலை அரை ராங்கிக்குக் கீழை விடக்கூடாது மாமா. லைனுக்குள்ளை ஈரம் உறைஞ்சு போகும். பனிக்குள்ளை எங்கையாவது மாட்டினால் ஹீற்றர் போடவும் காஸ் வேணுமெல்லோ.”

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் இருபது வருடத்துக்கு மேல் பௌதிகம் படிப்பித்தவனுக்கு உறைநிலை பற்றி ஒரு பாடம். அதுவும் பெற்றோல் என்கிற திரவத்துக்கு ‘காஸ்’ என்று பெயர் வைத்திருக்கிற நாட்டில் படித்த பிள்ளையிடமிருந்து. மஞ்சள் விளக்கு என்பது எண்ணெய்க் கொம்பனிகள் பயந்தவர்களுக்காக வைத்த விளக்கு என்று விளக்கினேன். என் கார் அந்த விளக்கோடு எத்தனையோ நாள் ஓடியிருக்கிறது, ஒருநாளும் நின்றதில்லை.

ஆரணி பின் சீற்றில் இருந்து சிரித்தாள். யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று தெரியவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

ஒரு விசித்திரத்தை எழுதிவைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு கார். விடிய என் மனைவி யோகமலர் அதை எடுத்துக்கொண்டு பாண் பேக்கரிக்கு வேலைக்குப் போவாள். மத்தியானம் கொண்டுவந்து விடுவாள். பின்னேரம் நான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வீடு வீடாக எடுத்துப் போவேன். இடைக்கிடை சனிக்கிழமைகளில் ஆரணி பெற்றோல் அடித்து வருவாள். நான் பம்பைத் தொட்டு வருடங்கள் ஆகின்றன. குளிரில் விரல்மூட்டு நோகும்.

நேற்று இரவு பெற்றோல் அளவு காட்டுகிற முள் சிவப்புக் கோட்டில் கிடந்தது. இன்று மத்தியானம் பார்த்தால் கால்வாசிக்கு மேலே நிற்கிறது.

“பெற்றோல் அடிச்சனீரோ?” என்று கேட்டேன்.

“நானோ? எனக்கு மூடி எந்தப் பக்கம் எண்டே தெரியாது” என்றாள் யோகமலர், வெங்காயம் வெட்டிக்கொண்டு.

அது உண்மைதான். முன்பொருமுறை பெற்றோல் மூடி காரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். அதை நான் அவளுடைய தம்பி குணபாலன் வீட்டில், பிறந்தநாள் விழாவில், எல்லோருக்கும் சொன்னேன். வீடே சிரித்தது. அவள் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகிடி விளங்காத மனுசி.

ஆகவே முள் தானாகத்தான் ஏறியிருக்கிறது.

டிசம்பர் 15, திங்கள்

முள் மறுபடியும் ஏறியது. மைனஸ் பதினேழு.

டிசம்பர் 22, திங்கள்

காரணம் பிடிபட்டுவிட்டது. கார் ஓடும்போது பெற்றோல் ராங்கிக்குள் அலைபாய்ந்து மூலைமுடுக்கில் ஒதுங்கிவிடுகிறது. பேக்கரியின் வெட்டைவெளியில், கடுங்குளிரில் ஆடாமல் அசையாமல் ஆறேழு மணித்தியாலம் நிற்கும்போது எல்லாம் கூடிவந்து தன் உண்மையான மட்டத்தைக் காட்டுகிறது. எங்கள் வீட்டுக் கராஜில் இது நடக்காது, அங்கே குளிர் போதாது. குளிர்தான் உண்மையை வெளியே கொண்டுவருகிறது. இதை இவ்வளவு காலமும் ஒருவரும் கவனிக்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மத்தியானம் யோகமலர் கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீர் ஒரு கான் கொண்டுவந்தாள். சும்மா தந்தார்களாம். யார் தந்தார்கள் என்று கேட்டேன்.

“நிறையத் தரம் போறாக்களுக்குக் குடுக்கிறவை.”

பேக்கரியில் நிறைய நாள் வேலை செய்தால் கண்ணாடி கழுவத் தண்ணீர் கொடுக்கிறார்கள். பாண் கொடுத்தாலாவது ஒரு அர்த்தம் உண்டு. அவளுடைய கையுறையிலும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நாற்றம். அந்தப் பேக்கரி இயந்திரங்களுக்கு என்ன எண்ணெய் போடுகிறார்களோ.

டிசம்பர் 28, ஞாயிறு

குணபாலன் வீட்டில் விருந்து. சேயோனையும் கூப்பிட்டிருந்தான்.

குணபாலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயத்துக்கென்றே ஒரு பெரிய வான் வண்டி வாங்கி, அதற்குப் பனி ரயரும் பூட்டி ஓடுகிறவன். அந்த வானுக்குப் பின்னால் ஒரு கம்பளி, மெழுகுதிரி, பனி அள்ளுகிற சவள், ஒரு கான் பெற்றோல், அதோடு பூனைகள் மலம் கழிக்கப் போடுகிற மண் ஒரு மூட்டை. ரயர் பனியில் சறுக்கினால் அதைக் கொட்டலாமாம். வீட்டில் பூனை இல்லை. பூனை மண் இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். குணபாலன் கோழிக்காலைக் கையில் வைத்தபடி வாயைத் திறந்துகொண்டிருந்தான். சேயோன் மெதுவாகச் சொன்னான்:

“அப்பிடி ஏறாது மாமா.”

“நீர் படிச்சது புத்தகத்திலை. நான் கண்ணாலை பாக்கிறன்.”

அவன் ஆரணியைப் பார்த்தான். ஆரணி தன் தாயைப் பார்த்தாள். யோகமலர் எழும்பி ரசம் எடுக்கப் போனாள். ரசம் மேசையில்தான் இருந்தது.

எனக்குச் சூடேறிவிட்டது. “கலியாணத்துக்கு மஞ்சள் விளக்கோடையே கிங்ஸ்ரனுக்கு வந்து காட்டுறன், பாரும்” என்று சேயோனிடம் சொன்னேன்.

திரும்பி வரும்போது யோகமலர் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, “பிள்ளையின்ரை கலியாணத்திலை உந்த விளையாட்டு வேண்டாமப்பா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்” என்றாள். இது விளையாட்டல்ல, விஞ்ஞானம் என்று சொன்னேன்.

ஜனவரி 8, வியாழன்

முள் ஏறியது. நன்றாகவே ஏறியது.

ஜனவரி 19, திங்கள்

காரின் டிக்கியில் ஒரு சிவப்புக் கான். மூடியைத் திறந்தால் பெற்றோல். யோகமலரிடம் கேட்டேன்.

“தம்பி தந்தவன். கிடக்கட்டும், எடுக்காதேங்கோ.”

கோழைத்தனம் தொற்றுநோய். அக்காவுக்கும் பரவிவிட்டது.

ஜனவரி 22, வியாழன்

யோகமலரும் ஆரணியும் குணபாலனின் வானில் கிங்ஸ்ரனுக்குப் போய்விட்டார்கள். நான் ஞாயிறு காலைதான் போவேன். மணமாலைகள் கட்டுகிற கடை ஸ்காபரோவில் இருக்கிறது. முதல் நாளே வாங்கினால் வாடிவிடும் என்று ஞாயிறு விடியத்தான் தருவார்கள். மாலையோடு போய்ச் சேர வேண்டியது நான். முகூர்த்தம் பத்தரைக்கு. தாரைவார்க்க வேண்டியதும் நான்தான். ஆரணியின் கையை மாப்பிள்ளையின் கையில் நான் வைக்க, யோகமலர் தண்ணீர் வார்க்க வேண்டும். ஒரே பிள்ளை.

புறப்படும்போது யோகமலர் வான் கதவடியில் நின்று, “முள்ளைப் பாத்து அடியுங்கோ. ஆரணியும் இல்லை, நானும் இல்லை” என்றாள்.

அவள் இருந்தென்ன, இல்லாமலென்ன. பெற்றோல் என்ன அவளைப் பார்த்தா ஏறுகிறது?

ஜனவரி 23, வெள்ளி

முள் ஏறவில்லை. கராஜில் நின்றதால் குளிர் போதவில்லை.

ஜனவரி 24, சனி

நேற்று இரவு காரை வெளியே தெருவில் விட்டேன். மைனஸ் இருபது. விடிய எழும்பி ஓடிப்போய்ப் பார்த்தேன். முள் ஏறவில்லை. பக்கத்து வீட்டு மரம் காற்றை மறைக்கிறது என்று நினைக்கிறேன். இன்றிரவு மரத்துக்கு அப்பால் விடப் போகிறேன்.

டிக்கியில் குத்துவிளக்குப் பெட்டியும் நிறைகுடச் செம்பும் வைக்க வேண்டும். பெற்றோல் நாற்றம் மாலைக்கு ஏறிவிடும் என்று சிவப்புக் கானைத் தூக்கிக் கராஜில் வைத்துவிட்டேன். கல்யாண மாலையில் பெற்றோல் மணந்தால் சம்பந்தி என்ன நினைப்பார்?

ஜனவரி 25, ஞாயிறு, காலை

வீதியோரத்தில் இருந்து எழுதுகிறேன். கையுறையோடு எழுதுவதால் எழுத்துக் கோணல்.

விடிய மாலைகளை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். முள் கால்வாசிக்குச் சற்றுக் கீழே. ஒஷாவா தாண்டியதும் பனி கொட்டத் தொடங்கியது. எல்லோரும் மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தார்கள். ஹீற்றரை உச்சத்தில் வைத்திருந்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன். வழியில் பெற்றோல் நிலையம் ஒன்று வந்தது. ஒரு கணம் கை சிக்னலுக்குப் போனது. சேயோனின் முகம் ஞாபகம் வந்தது. கை திரும்பி வந்துவிட்டது.

பெல்வில் கழிந்து சற்றுத் தூரத்தில், கிங்ஸ்ரனுக்கு இன்னும் ஒரு மணித்தியால ஓட்டம் இருக்க, கார் இருமுறை இருமியது. பிறகு நின்றது.

முதலில் இழுக்கிற வண்டிக்காரரைத்தான் கூப்பிட்டேன். இந்தப் பனிக்கு மூன்று மணித்தியாலம் ஆகும் என்றார்கள். அதன் பிறகுதான் யோகமலரைக் கூப்பிட்டேன்.

“எங்கையப்பா நிக்கிறியள்? ஐயர் வந்திட்டார்.”

சொன்னேன்.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “டிக்கிக்குள்ளை சிவப்புக் கான் கிடக்கு. எடுத்து ஊத்துங்கோ. பதறாதேங்கோ” என்றாள்.

“அதை இறக்கி வைச்சிட்டன்.”

“எங்கை?”

“வீட்டிலை. கராஜிலை.”

அந்தப் பக்கத்தில் நாதஸ்வரச் சத்தம் மட்டும் கேட்டது.

“ஆரையாவது அனுப்பும். மாப்பிள்ளை பக்கத்திலை பெடியள் நிப்பினம்தானே.”

“என்னெண்டு சொல்லி அனுப்ப? பொம்பிளையின்ரை தேப்பன் பெற்றோல் இல்லாமல் றோட்டிலை நிக்கிறார் எண்டோ? சாகுமட்டும் சொல்லிச் சிரிப்பினம்.” ஒரு மூச்சு விட்டாள். “தம்பி இஞ்சை நிக்கோணும், சம்பந்தியளை வரவேற்க ஆள் வேணும். நான் வாறன்.”

“நீரோ? இந்தப் பனிக்குள்ளையோ?”

போனை வைத்துவிட்டாள்.

பேக்கரிக்குப் போய் வருவதைத் தவிர வேறொன்றும் ஓடத் தெரியாதவள். கார் உள்ளே குளிர் இறங்கிக்கொண்டிருக்கிறது. மாலைகளில் ரோஜா இதழ்களின் ஓரம் கறுக்கத் தொடங்கிவிட்டது. கோட்டைக் கழற்றி மாலைகளின் மேல் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 25, மாலை

அவள் வந்தாள். குணபாலனின் வானை, அந்தப் பெரிய வானை, அவளே ஓட்டி வந்தாள். பட்டுச்சேலை, அதற்கு மேலே குளிர்க்கோட்டு, காலில் பேக்கரிச் சப்பாத்து. இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. வானின் பின்னாலிருந்து குணபாலனின் கானை எடுத்தாள். காரைச் சுற்றித் தேடவில்லை. நேரே மூடி இருக்கிற பக்கம் வந்தாள், முழங்கையால் தட்டித் திறந்தாள், ஒரு துளி வெளியே சிந்தாமல் ஊற்றினாள். உறைந்த மூடியை முழங்கையால் எங்கே தட்டினால் திறக்கும் என்பது எனக்கே தெரியாது. அது ஒருநாளில் பழகுகிற காரியமில்லை.

பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் இப்போதைக்கு எழுத முடிகிறது.

“ரயர் காத்துப் போனது எண்டு சொல்லியிருக்கிறன். அதையே சொல்லுங்கோ” என்றாள். வானில் ஏறி முன்னால் ஓடினாள். அவளுடைய பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே கிங்ஸ்ரன் வந்து சேர்ந்தேன்.

மண்டபத்துக்குள் ஓடினோம். மணவறையில் என் இடத்தில் குணபாலன் இருந்தான், விரலில் தர்ப்பை மோதிரத்தோடு. பக்கத்தில் அவன் மனைவி, கையில் தண்ணீர்ச் செம்போடு. ஐயர் மந்திரத்தை நிறுத்தாமல் கையால் எங்களைத் தடுத்தார். மூச்சு விடும் இடத்தில் சொன்னார்: “முகூர்த்தம் போகுது எண்டு சங்கல்பம் செய்தாச்சு. சொன்ன பேரை இனி மாத்தேலாது.”

குணபாலன் எழும்பப் பார்த்தான். “அத்தான் வந்திட்டார் ஐயா” என்றான், கெஞ்சுகிற மாதிரி. ஐயர் அவன் தோளை அமத்தி இருத்திவிட்டார்.

ஆரணி எங்களைப் பார்த்தாள். என்னை ஒரு கணம். தாயை நெடுநேரம்.

தண்ணீர் வார்த்தது குணபாலனின் மனைவி. யோகமலர் தூணோடு நின்றாள். கோட்டைக் கழற்றவும் மறந்துபோனாள். அவளுடைய வலது கை மட்டும் செம்பு பிடிப்பது போலக் கொஞ்சம் உயர்ந்து, பிறகு இறங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அவளுக்காகத் துக்கமாக இருந்தது. நான் இழந்தது என் வாயால். அவள் என்ன செய்தாள்? என் மானத்தைக் காப்பாற்றப் போய்த் தன் பிள்ளையின் கையில் தண்ணீர் வார்க்காமல் போனாள்.

கறுத்த இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு மாலைகளைப் போட்டார்கள். படத்தில் தெரியாது என்று படக்காரர் சொன்னார்.

சாப்பாட்டின்போது சேயோன் வந்து பக்கத்தில் நின்றான்.

“ரயர் மாத்தியாச்சோ மாமா?”

“ஓம் தம்பி.”

“மாமியின்ரை கையிலை பெற்றோல் மணக்குது” என்றான், ஒருவருக்கும் கேட்காமல். “நான் ஒண்டும் கேக்கேல்லை. பாயாசம் குடியுங்கோ.”

காஸ் என்று சொல்லாமல் பெற்றோல் என்று சொன்னான். மரியாதைக்காக என்று நினைக்கிறேன். அதுதான் இன்னும் சுட்டது.

ஜனவரி 28, புதன்

யோகமலர் வேலைக்குப் போய் வந்தாள். சமைத்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததற்கு ஒன்றும் சொல்லவில்லை. முன்பு கேட்காததற்குத்தான் நிறையச் சொல்வாள்.

முள் ஏறவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

மஞ்சள் விளக்கு எரிகிறது. முள் ஏறவில்லை. குளிர் போதாது என்று எழுதப் பேனையை எடுத்தேன். வெளியே மைனஸ் இருபத்திரண்டு.

பிப்ரவரி 1, ஞாயிறு

யோகமலர் கோயிலுக்குப் போயிருந்தாள், குணபாலனின் வானில். நான் காரை எடுத்துக்கொண்டு சந்தியில் இருக்கிற பெற்றோல் நிலையத்துக்குப் போனேன்.

பம்பின் பக்கத்தில் நிறுத்தி இறங்கினேன். மூடி மற்றப் பக்கம். ஏறித் திருப்பி மறுபடி நிறுத்தினேன். அவசரத்தில் சுற்றிச் சுற்றி வந்து முன்போலவே நிறுத்தியிருக்கிறேன். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். மூன்றாவது தரம் சரிவந்தது. மூடி உறைந்திருந்தது. முழங்கையால் தட்டினேன், திறக்கவில்லை, முழங்கைதான் நொந்தது. உள்ளே காசு வாங்குகிற தமிழ்ப் பிள்ளை கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்து, பாவம் பார்த்து வெளியே வந்து, ஒரு தட்டில் திறந்துவிட்டது.

“இது அன்ரியின்ரை காரெல்லோ? அவ ஏன் இப்ப வாறேல்லை?”

“வேலை” என்றேன்.

“ரெண்டு மூண்டு வருசமாத் திங்களும் வியாழனும் வருவா, வேலை முடிஞ்ச கையோடை. குளிர்காத்து வீசேக்குள்ளை நான் அடிச்சு விடுறன் எண்டு சொன்னாலும் விடமாட்டா. இவ்வளவுக்கு மேலை முள் போகக்கூடாது, வீட்டிலை தெரிஞ்சிடும் எண்டு பாத்துப் பாத்து அடிப்பா. ஆருக்குத் தெரிஞ்சிடும் எண்டு கேட்டால் சிரிப்பா.”

பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று ஏரிப்பக்கத்திலிருந்து அடித்தது. விரல்மூட்டு நோகும் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது சரிதான், நோகிறது. இரண்டு குளிர்காலமோ மூன்றோ, ஆறேழு மணித்தியாலம் நின்று வேலை செய்த பிறகு அவள் இங்கே நின்றிருக்கிறாள், நான் வீட்டில் இருந்து தத்துவம் எழுதுவதற்காக. இருபது வருடம் பௌதிகம் படிப்பித்தவனுக்கு ராங்கிக்குள் பெற்றோல் எப்படி வரும் என்று தெரியவில்லை. நான் படிப்பித்த பிள்ளைகள் யாரும் இதை அறியாதிருக்க வேண்டும்.

முழு ராங்கியும் அடித்தேன். காரைக் கராஜில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சிவப்புக் கானைத் திரும்ப டிக்கியில் வைத்தேன்.

பிப்ரவரி 2, திங்கள்

மத்தியானம் யோகமலர் வேலையால் வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். கார்த் திறப்புக் கொத்தை மேசையில் வைத்தாள். உடனே போகாமல் அதன்மேல் கையை வைத்தபடி நின்றாள்.

“முள் ஏறியிருக்கு” என்றாள்.

நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தேனோ தெரியாது.

“குளிரிலை ஏறும்” என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். நேற்றுக் குளிரில் வெடித்த தோலுக்கு எண்ணெய் பூசியிருந்தேன். அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள். அங்கிருந்தே சொன்னாள்:

“ம். கோடையிலையும் ஏறுதோ பாப்பம்.”